எட்டுக் கந்தகக் கைகள்

ஐம்பத்து மூன்று வயதில் சீடராவது லேசான காரியமில்லை. அதுவும் தன்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பெண்ணிடமே சீடராவது இன்னும் கஷ்டம்.

வேதமாணிக்கம் வள்ளியூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். முழுக்கைச் சட்டையைச் சாயங்காலம் வரை கசங்காமல் வைத்திருப்பவர். அவர் வகுப்புக்குள் வந்தால் மின்விசிறிகூடச் சத்தமில்லாமல் சுற்றும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, புரதங்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் இசக்கியம்மாள்.

இசக்கியம்மாளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு பீக்கரை நகர்த்தி வைப்பார். அதைப் பார்த்துப் புரிந்துகொள்வது கேட்டவர் பாடு.

அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். முதல் வருடம் இரண்டு பேருக்குமே நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

கோழி முட்டையின் வெள்ளைக் கருவில் ஒரு புரதம் இருக்கிறது. நம் கண்ணீரிலும் அதற்கு உறவுக்காரன் உண்டு. சில கிருமிகளின் சுவரைக் கிழித்துப் போடுவதுதான் அதன் வேலை. அதை வைத்துக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து செய்ய வேண்டும், பிரிட்ஜ் இல்லாத ஊரில் சித்திரை வெயிலிலும் அது கெடக் கூடாது என்பது வேதமாணிக்கத்தின் ஆசை.

புரதம் என்பது அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. கோத்துவிட்டால் மட்டும் வேலை நடக்காது. சங்கிலி வளைந்து மடங்கித் தனக்கென்று உள்ள உருவத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் நூல் சிக்கல்.

வெயிலில் தளர்ந்துபோகாமல் இருக்க, சங்கிலியில் ஓரிடத்தில் இருந்த கிளைசினை எடுத்துவிட்டு அங்கே புரோலினை வைத்தார் வேதமாணிக்கம். அமினோ அமிலங்களில் கிளைசின் எந்தப் பக்கமும் வளையும். புரோலின் விறைத்துக்கொண்டு நிற்கும்.

“சார் தன்னை மாதிரியே ஒரு ஆளைப் பிடிச்சு உள்ள வச்சுட்டாவ” என்று ஆய்வகத்தில் பேசிச் சிரித்தார்கள்.

ஆய்வுக் குழுவில் இருந்த பெரிய விஞ்ஞானி ஒருவர் சிரிக்கவில்லை. “அந்த இடத்தில் புரோலின் வைத்தால் சங்கிலி மடங்கவே மடங்காது. வீண் வேலை” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இசக்கியம்மாள் மட்டும், “செஞ்சு பாக்கட்டும்” என்றார்.

செய்தார். ஒரு பாக்டீரியாவை அந்தச் சங்கிலியைக் கோக்க வைத்தார். அதுவும் கோத்துக் கொடுத்தது, ஆனால் கட்டி கட்டியாக. கட்டிகளைப் பிரித்தெடுத்து முடிப்பதற்குள் ஐப்பசி மழையில் மின்சாரம் போய், உறைபெட்டி நின்று, அந்த பாக்டீரியா மொத்தமும் செத்துப்போயிற்று. முதலிலிருந்து தொடங்க ஒரு வருடமாவது வேண்டும். விடுப்பு ஜூனோடு முடிகிறது. மிச்சம் இருந்தது ஒரு சின்னப் பாட்டில் புரதம்தான். அது வேலை செய்யவில்லை என்றால் வேதமாணிக்கம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு நாள் காலையில் அதைச் சோதித்தார்கள்.

சோதனை எளியது. கிருமிகளைக் கலந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கலாக இருக்கும். புரதம் உருவத்தோடு இருந்தால் கிருமிகள் கிழிந்து தண்ணீர் தெளியும். பின்னால் எதை வைத்தாலும் தெரியும்.

இசக்கியம்மாள் ஒரு குழாயில் வெறும் முட்டை வெள்ளைக் கருவைச் சொட்டினார். சிறிது நேரத்தில் தண்ணீர் தெளிந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் பதினேழாம் தேதி குழாய்க்குள் பளிச்சென்று தெரிந்தது.

வேதமாணிக்கம் தன் பாட்டிலில் இருந்து எடுத்து இன்னொரு குழாயில் சொட்டினார். காலண்டரை ஒட்டிப் பிடித்தார். கலங்கல்தான். குலுக்கினார். கலங்கல்தான். தேதி தெரியவே இல்லை.

மூன்று வருட உழைப்பு அரிசித் தண்ணீராகக் கையில் நின்றது.

“நான் கோத்ததே தப்பா மேடம்?”

இசக்கியம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“என்ன செஞ்சிய, வரிசையாச் சொல்லுங்க சார்.”

“கட்டியை யூரியாவில கரைச்சேன். சங்கிலி எல்லாம் பிரிஞ்சு நீளமா வந்துட்டு.”

“கந்தகக் கை?”

சங்கிலியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எட்டு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றிடமும் ஒரு கந்தகம். இரண்டு இரண்டாக அவை பிடித்துக்கொள்ளும்போதுதான் உருவம் குலையாமல் நிற்கும். ஆய்வகத்தில் எல்லாரும் அவற்றைக் கை என்றுதான் சொல்வார்கள்.

“எட்டையும் பிரிச்சுத்தான் வச்சிருந்தேன். மெர்காப்டோ ஊத்தித்தான்.”

மெர்காப்டோ என்பது கந்தகக் கைகளைப் பிடிக்க விடாமல் பிரித்து வைக்கிற திரவம். நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம். அழுகின முட்டையை மூக்குக்குள் உடைத்தாற்போல இருக்கும். திறந்தால் வராந்தா முழுக்கக் காலியாகிவிடும்.

“பெறவு?”

“அடுத்த அறைப் பேராசிரியர் வந்து சத்தம் போட்டுட்டாவ. மனுசன் இருக்கதா வேண்டாமான்னு கேட்டாவ. எனக்கும் தலை வலிச்சுது. அதனால முதல் வேலையா மெர்காப்டோவை ஒரு துளி விடாம எடுத்துட்டேன். அதுக்கப்புறம் யூரியாவை எடுத்தேன்.”

இசக்கியம்மாள் தலையை நிமிர்த்தினார்.

“யூரியா உள்ள இருக்கும்போதே மெர்காப்டோவை எடுத்துட்டிய.”

“ஆமா. சுத்தமா எடுத்தேன். அரைகுறையா எடுக்குற வழக்கம் எனக்குக் கிடையாது. கை எட்டும் சேர்ந்துட்டான்னு மஞ்சள் பரிசோதனையும் செஞ்சு பார்த்தேன். ஒரு கை சும்மா இருந்தாக்கூட மஞ்சள் நிறம் வந்திருக்கும். வரவே இல்லை. நாலு ஜோடியும் சரியா இருக்கு மேடம். நான் எண்ணிட்டேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்து முடித்த குரல்.

பிறகு அந்தப் பெருமையும் வடிந்தது. அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

“அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். அந்த இடத்துல நான் புரோலினை வச்சிருக்கக் கூடாது. இதைக் கழுவி ஊத்திட்டு ஊரைப் பார்க்கப் போறேன். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்திரும்.”

எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தார். குழாயைத் திறந்தும்விட்டார். இசக்கியம்மாள் எட்டி அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிடுங்கினார்.

பிறகு அலமாரியைத் திறந்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்த மெர்காப்டோ பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். பையைப் பிரித்ததும் ஆய்வகத்தில் இருந்த மற்ற மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

“ஒரு துளி விடுங்க” என்றார்.

வேதமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இது பிணைப்பை அறுக்குற சாமான் மேடம்!”

“ஆமா.”

“கஷ்டப்பட்டு எட்டுக் கையையும் சேர்த்து வச்சிருக்கேன். இதை விட்டா அத்தனையும் போயிரும்.”

“கொஞ்சம் போகும்.”

“அப்படி அறுக்கணும்னா மொத்தமா ஊத்தி எல்லாத்தையும் அறுத்துட்டு முதல்ல இருந்து வரலாம். அது ஒரு முறை. இருக்குறதையும் வச்சுக்கிட்டு அறுக்கவும் செய்யணும்னா, இது என்ன வேலை? எனக்கு இருக்குறது இந்த ஒரு பாட்டில்தான்.”

“தெரியும் சார்.”

வேதமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டில் அவருடையது. அவர் சம்மதிக்காமல் இசக்கியம்மாளும் அதில் எதையும் கலக்கப் போவதில்லை. மின்விசிறி சத்தமாகச் சுற்றியது.

“சார், ஒம்பதாம் வகுப்புல எங்களைக் குற்றாலம் கூட்டிட்டுப் போனிய. ஞாபகம் இருக்கா?”

வேதமாணிக்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “அது எதுக்கு இப்ப?”

“சீசன் கூட்டம். பேரருவிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. நீங்க கரையில நின்னு ஒரே சத்தம். கையைப் பிடிங்க, ரெண்டு ரெண்டு பேராப் பிடிங்க, விட்டிய, தோலை உரிச்சிருவேன்னு.”

“சொன்னேன். தண்ணி வேகமா விழுந்துது.”

“எல்லாப் பிள்ளைகளும் துண்டைக் கட்டிக்கிட்டு நனைஞ்சுபோய் நிக்குது. யூனிபாரம் கிடையாது. யாரு கை கிடைச்சுதோ அதைப் பிடிச்சுக்கிட்டோம். பஸ்ல ஏறும்போது நீங்க வாசல்ல நின்னு ஜோடி ஜோடியா எண்ணினிய.”

“எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு” என்றார் வேதமாணிக்கம். அத்தனை வருடம் கழித்தும் அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“சரியா இருந்துச்சு. ஒரு கை சும்மா இல்லை. தென்காசி தாண்டினதும் என் பக்கத்துல இருந்த பிள்ளை அழ ஆரம்பிச்சுது. பார்த்தா அது புளியங்குடிப் பிள்ளை. வேற பள்ளிக்கூடம். என் கையைப் பிடிச்சிருந்துது. நீங்க போட்ட சத்தத்துல அதுக்கும் கையை விட பயம். எங்க மரகதத்தைக் காணோம். அவ இன்னொரு பஸ்ல, தெரியாத பிள்ளைக கூட உக்காந்திருக்கா.”

வேதமாணிக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீங்க என்ன செஞ்சிய சார்?”

“பஸ்ஸைத் திருப்பினேன்.”

“பெறவு?”

“குற்றாலத்து மைதானத்துல அந்தப் பிள்ளைக பஸ்ஸையும் நம்ம பஸ்ஸையும் நிறுத்தி எல்லாரையும் இறக்கினேன்.”

“இறக்கி?”

வேதமாணிக்கம் யோசித்தார். “கையை விடுங்கன்னு சொன்னேன்.”

“யாரு யாரு கூடப் போகணும்னு பேர் சொல்லிப் பிரிச்சியளா?”

“இல்லை. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யாரையும் தெரியாதே. கையை விடச் சொன்னேன். சும்மா நின்னேன். கொஞ்ச நேரத்துல அததுக பாட்டுக்கு...”

பாதியில் நிறுத்திவிட்டார். மேசைமேல் இருந்த தன் பாட்டிலைப் பார்த்தார். நாலு ஜோடி. ஒரு கையும் சும்மா இல்லை. எட்டுக் கைகள் ஜோடி சேர நூற்றைந்து வழி உண்டு என்பதை அவரே கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார். அதில் ஒரே ஒரு வழிதான் சரி. யூரியாவுக்குள் சங்கிலி தளர்ந்து கிடந்தபோது, மிதந்து வந்த ஏதோ ஒரு கையை ஏதோ ஒரு கை பிடித்துக்கொண்டது. அவரும் மஞ்சள் வரவில்லை என்று பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார்.

“அப்ப மொத்தமா அறுத்தா என்ன மேடம்?” என்றார். இந்தத் தடவை குரலில் சண்டை இல்லை.

“எல்லாக் கையும் எப்பவும் விட்டுக்கிட்டே இருந்தா, ஊருக்கு எப்பப் போறது?”

வேதமாணிக்கம் கையுறையை மாட்டிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டு மெர்காப்டோவில் ஒரு துளியை எடுத்தார். மூன்று வருடத்தையும் ஒரு துளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விட்டார்.

பாட்டிலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது வேதமாணிக்கத்துக்குத் தெரியாத வித்தை. உட்கார்ந்தார், எழுந்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். இசக்கியம்மாள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, “சாப்பிடுங்க சார், அது நாம பாக்கோம்னு வேலை செய்யல” என்றார். ஒரு வாய்கூட அவருக்கு இறங்கவில்லை.

மத்தியானம் அடுத்த அறைப் பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“சார், மறுபடியுமா? எப்ப இதை நிறுத்தப் போறிய?”

போன மாதம் என்றால் வேதமாணிக்கம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

“கொஞ்சம் பொறுங்க சார். உள்ள எட்டு பேரு ஜோடி தேடிக்கிட்டு இருக்காவ. வேணும்னா ஜன்னலைத் திறந்து வையுங்க.”

பேராசிரியர் இவருக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டிப் போய்விட்டார்.

வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்தபோது இசக்கியம்மாள், “பாக்கலாம் சார்” என்றார்.

புதிதாக ஒரு குழாய். கலங்கல் தண்ணீர். வேதமாணிக்கம் பாட்டிலிலிருந்து எடுத்துச் சொட்டினார். குழாயைக் காலண்டரோடு ஒட்டிப் பிடித்தார். டீ குடித்துவிட்டு வந்த மூன்று பேரும் பின்னால் வந்து நின்றார்கள்.

கலங்கல்.

அவர் குலுக்கவில்லை. பிடித்தபடி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். தண்ணீரில் ஏதோ ஒரு மாற்றம். வெளிச்சம் மாறியதோ என்று அவர் கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்த்தார். வெளிச்சம் மாறவில்லை. கலங்கலுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல், பிறகு நிமிர்ந்த ஒரு கோடு. கோடு ஒன்று ஆயிற்று. ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு வந்தது.

“ஏளா இசக்கி! தெளியுது பாரு! ஏளா, தெளியுது!”

வள்ளியூர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கேட்கிற சத்தம். அடுத்த அறைக் கதவு திறந்தது. எதிர் அறைக் கதவு திறந்தது. மூன்று ஆராய்ச்சி மாணவர்களும் கைதட்டிக் கூவினார்கள். பதினேழு என்ற எண் குழாய்க்குள் கறுகறுவென்று நின்றது. முட்டை வெள்ளைக் கருவின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. வேதமாணிக்கம் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டார். மூக்கைப் பொத்தியபடி வந்த பேராசிரியரிடம் நீட்டி, “பாருங்க சார், புரோலின் வச்சா மடங்காதுன்னு சொன்னாவ! மடங்கி நிக்கான் பாருங்க!” என்றார். பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கைகொடுத்தார்.

இசக்கியம்மாள் பாட்டிலில் இருந்து இன்னொரு சொட்டு எடுத்து, தானே இன்னொரு குழாயில் சோதித்தார். தெளிந்தது. மறுபடி ஒன்று. அதுவும் தெளிந்தது. அவருக்கும் கண் கலங்கியது. அதை யாரும் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார்.

திரும்பி வந்த வேதமாணிக்கத்துக்குத் தான் எப்படிக் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“மேடம், மன்னிக்கணும். ஒரு வேகத்துல பழையபடி...”

“நல்லாத்தான் இருந்துச்சு சார்.”

வேதமாணிக்கத்தின் சட்டை கசங்கியிருந்தது. கைப்பகுதியில் ஏதோ கறை. அவர் அதைக் கவனிக்கவில்லை. வெயிலைத் தாங்குமா என்பது நாளைக்குப் பார்க்க வேண்டிய பாடு. அதையும் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். பாதியில் கை நின்றது.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“எந்தக் கை எந்தக் கையைப் பிடிக்கணும்னு நாம அதுக்குச் சொல்லவே இல்லையே. நூத்தஞ்சு வழி இருக்கு. எப்படிச் சரியா அந்த ஒண்ணுக்கு வந்துச்சு?”

இசக்கியம்மாள் மெர்காப்டோ பாட்டிலைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

“அது கோத்த வரிசையிலேயே இருக்கு. நீங்க கோத்தது சரி சார். வளையத்தான் விடலை.”